ஊதா பூசிய கைகள்

வைத்தியர் என் விரலில் முள்ளைக் குத்தினார். எனக்கு வலிக்கவில்லை.

அந்த முள் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் வேலியிலிருந்து அப்போதுதான் ஒடித்து வந்த வேலாமுள். நுனி வெளுத்து, அடிப்பக்கம் பச்சை ஈரத்தோடு இருந்தது. என் வலது கை ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில், நகத்துக்குக் கொஞ்சம் கீழே, ஆமணக்கு விதை அளவுக்கு ஒரு கட்டி. நடுவில் சாம்பல் நிறம், அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், அதற்கும் வெளியே சிவப்பு. வைத்தியர் என்னைத் தொடவில்லை. கையை உரலின் விளிம்பில் வைக்கச் சொன்னார். கட்டியின் நடுவில் முள்ளை அழுத்தி, "வலிக்குதா அம்மிணி?" என்று கேட்டார். அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று பின்னால் எத்தனையோ முறை நினைத்ததுண்டு. ஆனால் நான் பள்ளிக்கூட வாத்தியார் மகள். கேட்டதற்கு உள்ளதைச் சொல்லி வளர்ந்தவள். "இல்லீங்க" என்றேன். இன்னும் ஆழமாகக் குத்தினார். "இப்ப?" அப்போதும் இல்லை. அவர் முள்ளைக் கொண்டுபோய் அடுப்பில் போடச் சொல்லிவிட்டு, என் மாமியாரின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "உணர்ச்சி இல்லீங்களே" என்றார்.

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவைப்படவில்லை. குஷ்டம் என்ற சொல்லை அப்போது எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வந்துவிடும் என்று பயம். 'பெரிய நோவு' என்பார்கள். தொட்டால் தெரியாது, குத்தினால் வலிக்காது என்பதுதான் அதற்கு ஊரறிந்த அடையாளம்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு நடந்தது இது. மோகனூரிலிருந்து நாமக்கல் போகிற சாலையில் பிரிந்து, வண்டித் தடத்தில் கொஞ்சதூரம் போனால் எங்கள் ஊர். மொத்தம் பதினோரு வீடு. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மடியில் எட்டு மாதப் பெண்குழந்தை. நான் நாமக்கல்லில் எட்டாவது வரை படித்தவள் என்பது அந்த வீட்டில் பெருமையாகவும் இல்லை, குறையாகவும் இல்லை. என் மாமியாருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர் என் கணவரைக் கைக்குழந்தையாக வைத்துக்கொண்டு விதவையானவர். கிணறு, காடு, மாடு, ஆடு எல்லாவற்றையும் தனி ஆளாக நின்று கட்டிக்காத்தவர். நல்ல உயரம். பேச்சு மிகவும் குறைவு. ஒரு சொல்லில் முடிகிற காரியத்துக்கு இரண்டு சொல் செலவழிக்க மாட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த வீட்டில் வேலைக்கு வந்த ஆளுக்கும் அவருடைய மகனுக்கும் ஒரே கரண்டியில் ஒரே அளவுதான் களி விழும். தனக்கு ஒரு நியாயம், அடுத்தவருக்கு ஒரு நியாயம் என்று அவர் வைத்ததே இல்லை. அதை நான் முழுதாகப் புரிந்துகொண்டது அந்தக் கோடையில்தான்.

அந்த வருஷம் மாசியிலேயே வெயில் ஏறிவிட்டது. காட்டில் பச்சை என்று எதுவும் மிஞ்சவில்லை. எங்கள் வெள்ளாடுகள் முள்ளையும் காய்ந்த சோளத்தட்டையின் அடிக்கட்டையையும் கடித்துத் தின்றுகொண்டு திரிந்தன. குட்டிகளுக்கு வாயைச் சுற்றிப் புண் வந்தது. உதட்டின் மேல் கறுப்பாக, பொருபொருவென்று, தேனடையை ஒட்டவைத்த மாதிரி பொருக்கு கட்டியது. அந்த வாயோடு அவை பால் குடிக்கப் போனதால் தாய் ஆடுகளுக்கும் மடிக்காம்பில் புண்ணாகி, அவை குட்டிகளை உதைத்துத் தள்ளின. கோடையில் ஆட்டுக்கு வாய்ப்புண் வருவது யாருக்கும் புதிதில்லை. வேப்பெண்ணெய் தடவிவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். ஆனால் குட்டிகள் பட்டினி கிடந்து ஒட்டிப்போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்கே மடியில் பால்குடிக்கிற பிள்ளை இருந்தது காரணமாக இருக்கலாம். ஒவ்வொன்றாக மடியில் போட்டுக்கொண்டு, விரலைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைப்பேன். அது சப்பும், சில சமயம் கடிக்கும். வேலிக்கு முள் வெட்டியதில் என் விரல்களில் ஏற்கெனவே கீறல்கள் இருந்தன. அந்தக் கீறலையும் குட்டியின் வாயையும் விரலில் வந்த கட்டியையும் சேர்த்து யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை. வேறு யாருக்கும் தோன்றவில்லை.

வைத்தியர் படலைத் தாண்டிப் போனதும் என் மாமியார் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"புள்ளையை இப்படிக் குடு."

நான் கொடுக்கவில்லை. பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. அவர் அதட்டவில்லை, பிடுங்கவும் இல்லை. அது குடித்து முடிக்கும் வரைக்கும் அப்படியே நின்றார். பிறகு குனிந்து, என் மேல் படாமல், பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "கெணத்துமேட்டுச் சாளைக்குப் போயிரு அம்மிணி. பாயும் துணியும் அவங்கிட்டக் குடுத்து விடறேன்" என்றார். என் கணவர், "நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிப் பாக்கலாமுங்களாம்மா?" என்று கேட்டார். அதற்கு அவர், "அங்க பேரை எழுதிட்டாங்கன்னா அப்புறம் எங்கியோ கொண்டு போயிருவாங்க. இங்கிருந்தா நம்ம கண்ணுல இருப்பா" என்றார். என் கணவருக்கு வயது இருபத்துமூன்று. அம்மாவை எதிர்த்து ஒரு சொல் பேசிப் பழகாதவர். அன்றைக்கும் பேசவில்லை.

அன்று சாயங்காலமே என் மாமியார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றப் பத்து வீட்டுக்கும் போய், என் மருமகளுக்கு இப்படி இருக்கிறது, தண்ணீர்த்துறைக்கு வரமாட்டாள், நீங்களும் எங்கள் கிணற்றுமேட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். இதை என் கணவர் சொன்னபோது எனக்கு என் மாமியார்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மூடி மறைத்திருக்கக் கூடாதா? ஊர் முழுக்கத் தமுக்கடிக்க வேண்டுமா? அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் பிள்ளைகள்தான் என்று அவர் நினைத்திருப்பார் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

சாளை என்பது காட்டுக் குடிசை. பனையோலை வேய்ந்தது, மண் சுவர் இடுப்பளவுதான். மாடு பூட்டிக் கவலை இறைக்கிற நாட்களில் தண்ணீர்ச் சாலும் வடக்கயிறும் போட்டுவைக்க உதவும். அதற்குள் நான் பதினேழு நாள் இருந்தேன். முதல் சில நாட்கள் எனக்கு நோயைப் பற்றி யோசிக்கவே நேரமில்லை; மார்பில் பால் கட்டிக்கொண்டு உயிர்போகிற வலி. பிள்ளைக்குப் போகவேண்டியதைப் பீய்ச்சி மண்ணில் விட்டேன். விட்டுவிடலாம், வற்றினால் வற்றட்டும் என்று ஒரு மனம் சொல்லும். வற்றிவிட்டால் திரும்பிப் போகிற வழியே அடைந்துவிடும் என்று இன்னொரு மனம் சொல்லும். அதனால் வேளை தவறாமல் பீய்ச்சினேன். ஈரம் பட்ட இடத்தில் எறும்பு மொய்க்கும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

காலையிலும் மாலையிலும் சோறு கொண்டுவருவது என் மாமியார்தான். வேறு யாரையும் விடமாட்டார். ஒரு பலகைக்கல்லின் மேல் வட்டிலை வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்றுகொள்வார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை போகமாட்டார். மீதி வைத்தால், "அதையும் தின்னு" என்பார். உச்சிப்பொழுதில் பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்து வரப்பின் மேல் நிற்பார். நான் சாளைக்குள்ளிருந்து பார்ப்பேன். பிள்ளை என்னைப் பார்த்துக் கையை நீட்டும். இது எனக்குச் செய்கிற தயவா, தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் எந்தப் பக்கமிருந்து வருவார் என்று விடிந்தது முதல் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் உண்மை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, அவர் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. அடுத்த நாளும் இல்லை. சோற்றை என் கணவர் கொண்டுவந்து வைத்தார். "புள்ளை சொகமாத்தான் இருக்குது. அக்கா வந்து பாத்துக்கறா" என்றார். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்த என் நாத்தனாரை வரவழைத்திருந்தார்கள். "அத்தைக்கு என்னங்க?" என்று கேட்டேன். அவர் திரும்பி வரப்பில் நடந்துவிட்டார். சரி, என்னைக் கைகழுவிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். அழுது தீர்த்தேன். அழுதால் பசிக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

பதின்மூன்றாம் நாள் காலையில், கக்கத்தில் ஒரு பாயை இடுக்கிக்கொண்டு, தலையில் ஒரு சட்டியோடு என் மாமியார் வரப்பில் நடந்து வந்தார். பலகைக்கல்லின் அருகில் நிற்கவில்லை. நேரே சாளைக்குள் வந்து, என் பாய்க்குப் பக்கத்தில் தன் பாயை விரித்தார்.

"ஏனுங்க அத்தை, கிட்ட வாரீங்க?" என்று நான் பதறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அவர் இடது கையில் சுற்றியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தார். கட்டைவிரலின் அடியில் ஒன்று, புறங்கையில் ஒன்று. சாம்பல் நிறம், வெள்ளை வளையம், சிவப்பு. என் விரலை அச்செடுத்து ஒட்டியதுபோல இருந்தன.

"எனக்கும் வந்துருச்சு சாமி" என்றார்.

அவர் என்னைப் பாசமாகச் சாமி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் தந்ததுதானே, என் வட்டிலைத் தொட்டதால்தானே என்று சொல்லி அழுதேன். "அழுவாத. எனக்கு அம்பது தாண்டிப் போச்சு. புள்ளைக்கு ஒட்டறதுக்கு முன்னால கண்டுக்கிட்டனே, அது போதும்" என்றார். நாலு நாளாக வீட்டில் துணியைச் சுற்றி மறைத்து, அதுதானா இல்லையா என்று பார்த்திருக்கிறார். அந்த நாலு நாளும் பிள்ளையைத் தூக்கவில்லை. அதுதான் என்று தெரிந்ததும், யாரும் சொல்லாமலே பாயை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். எனக்குப் போட்ட சட்டம் அவருக்கும் சட்டம். அவரை யாரும் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வீட்டில் அதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு அவர்மேல் ஆத்திரப்பட என்னால் முடியவில்லை.

நாலு நாள் இருவரும் சேர்ந்து இருந்தோம். மூன்று கல்லைக் கூட்டிச் சமைத்தோம். அந்த நாலு நாளில் அவர் பேசிய அளவுக்கு இரண்டு வருஷத்தில் பேசியதில்லை. கம்பு புடைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கேட்காமலே சொன்னார். "என்ற அக்காளுக்கும் இப்படித்தான் கையில வந்துது. ஆத்தோரத்துல ஒரு குடிசை போட்டுக் கொண்டுபோய் விட்டுட்டாங்க. எனக்குப் பத்து வயசு. நாந்தான் சோறு கொண்டுபோவேன். கல்லு மேல வெச்சுட்டு ஓடியாந்துருவேன். நிக்காதேன்னு சொல்லியிருந்தாங்க." கொஞ்சநேரம் முறத்தைத் தட்டினார். "ஒரு நாளு போனா, முந்தின நாள் வெச்ச சோறு அப்படியே இருந்துது. குடிசையில ஆளைக் காணோம். ஆத்துல தண்ணி போயிட்டிருந்துது." அவ்வளவுதான். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் ஏன் பத்தடி தள்ளி நின்றார் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

இந்த நிலையில் வீட்டில் ஆட்டுக்குட்டிகளைக் கவனிக்க ஆளில்லாமல் போயிற்று. நான் சாளைக்கு வந்தபிறகு குட்டிகளுக்குப் பால் புகட்டியது என் மாமியார். அவரும் வந்துவிட, நாத்தனாருக்குப் பிள்ளையைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. இரண்டு குட்டிகள் செத்தன. மாடுகளுக்கு வெக்கை நோய் ஊசி போடுவதற்காக நாமக்கல் மாட்டாஸ்பத்திரி டாக்டர் மோகனூருக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, என் கணவர் போய் அவரைக் கூட்டிவந்தார். எங்களுக்காக அல்ல, மிச்சமிருந்த நாலு குட்டிகளுக்காக.

அதன்பிறகு நடந்ததை என் கணவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஒரு குட்டியை மடக்கிப் பிடித்து உதட்டை விலக்கிப் பார்த்தார். தாய் ஆட்டின் மடியைப் பார்த்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, "இதுங்களுக்குப் பால் புகட்டுறது யாரு?" என்று கேட்டார். என் கணவர் வாயைத் திறக்கவில்லை. "உங்களைத்தான் கேக்குறேன். யாரு?" "முதல்ல எங்க ஊட்டுக்காரிங்க. அப்புறம் எங்கம்மாங்க." "கூப்பிடுங்க அவங்களை. கையைப் பார்க்கணும்." "கையை எதுக்குங்க?" டாக்டர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "கையில புண்ணு வந்திருக்கணுமே, வரலையா?" என்றாராம்.

என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். யாரும் சொல்லாமல் அந்த மனுஷருக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் பார்த்தபோது காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக ஒருவர் வரப்பில் வேகமாக வந்துகொண்டிருந்தார். பின்னால் என் கணவர் ஓட்டமும் நடையுமாக. "கிட்ட வராதீங்க சாமி! எங்களுக்குப் பெரிய நோவுங்க!" என்று என் மாமியார் கத்தினார். அவர் காதில் வாங்கவே இல்லை. சாளை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "கையைக் காட்டுங்கம்மா" என்றார். நான் நீட்டினேன். அவர் என் கையைப் பிடித்தார். பக்கத்தில் படுத்தும் என் மாமியார்கூட என்னைத் தொட்டதில்லை; பதினேழு நாளில் என்னைத் தொட்ட முதல் மனிதக் கை அது. அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதுகூட எனக்கு அந்த நிமிஷம் பெரிதாகப் படவில்லை. மற்றொரு கையால் என் மாமியாரின் கையை இழுத்து, இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிரித்தார்.

"இது குஷ்டம் இல்லை. ரெண்டு பேருக்கும் இல்லை. குட்டி வாயில இருக்கே புண்ணு, அதேதான் இது."

நான் முள் குத்திய கதையைச் சொன்னேன், வலிக்கவில்லையே என்றேன். அவர் என் கணவரிடம் ஒரு முள் ஒடித்துவரச் சொன்னார். கட்டியில் குத்தவில்லை, அதே விரலின் நுனியில் நறுக்கென்று குத்தினார். நான் "ஐயோ!" என்று அலறிவிட்டேன். "கேட்டீங்களா? உணர்ச்சி நல்லாவே இருக்கு. அந்தக் கட்டி நடுவுல இருக்கிறது செத்த தோல். நகத்தை வெட்டினா வலிக்குதா? அந்த மாதிரிதான்" என்றார். விரலில் துளிர்த்த ரத்தத்தை நான் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். இது ஒரு கிருமியால் வருவது. அந்தக் கிருமி பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தாலும் தெரியாத அளவுக்குச் சின்னது. பொருக்கில் நாள்கணக்காக உயிரோடு கிடக்கும். நல்ல தோலுக்குள் அதனால் புகமுடியாது. கீறல் இருந்தால் புகுந்துகொள்ளும். ஆட்டிலிருந்து மனுஷருக்கு ஒட்டும். மனுஷரிடமிருந்து மனுஷருக்கு ஒட்டுவது மிக அபூர்வம். "பெரியம்மா, நீங்க எப்பலேருந்து குட்டிகளைத் தூக்கினீங்க?" என்று கேட்டார். "இவ இங்க வந்த நாளிலிருந்துங்க." "புண்ணு எப்ப வந்தது?" "ஒரு வாரம் பொறுத்துங்க." "அப்ப உங்க மருமக உங்களுக்குக் கொடுக்கலை. குட்டிதான் கொடுத்துது." படிக்கிற காலத்தில் தனக்கும் கட்டைவிரலில் வந்ததாகச் சொல்லிக் காட்டினார். அங்கே ஒரு தழும்பும் இல்லை. ஆறு வாரத்தில் தானாக உதிர்ந்துவிடும், மருந்தே வேண்டாம், வேறு சீழ் பிடிக்காமல் இருக்க மட்டும் ஒன்று தடவுகிறேன் என்று, பையிலிருந்து ஊதா நிற மருந்தை எடுத்து எங்கள் கைகளில் தாராளமாகப் பூசினார். சுத்தமான துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், பொருக்கு விழும்வரை அந்த விரல் பிள்ளைமேல் படவேண்டாம், விழுந்த பொருக்கை எரித்துவிடுங்கள், பட்டியைக் கூட்டி எரியுங்கள், கையில் காயத்தோடு குட்டி வாயைத் தொடாதீர்கள் என்றார்.

"பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் கொடுக்காமயா இருக்கீங்க? போய்க் கொடுங்க" என்றார். உடனே, "ஆனா நான் மாட்டு டாக்டர். மனுஷங்களுக்கு வைத்தியம் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஒரு சீட்டு எழுதித் தர்றேன், நாமக்கல் ஆஸ்பத்திரியில காட்டிடுங்க" என்று எழுதியும் கொடுத்தார். அடுத்த வாரம் போய்க் காட்டினோம். அந்த டாக்டர் சீட்டைப் படித்து, கையைப் புரட்டிப் பார்த்து, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று அனுப்பிவிட்டார்.

டாக்டர் எழுந்தபோது என் மாமியார், "ஏனுங்க சாமி, ஒண்ணு கேக்கோணும்" என்றார். "நாப்பது வருசத்துக்கு முந்தி என்ற அக்காளுக்கும் கையில வந்துதுங்க. அதுவும் இதுவாத்தான் இருக்குமுங்களா?"

டாக்டர் மறுபடியும் உட்கார்ந்தார். "வீட்டுல ஆடு இருந்ததா?"

"இருந்துதுங்க."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். ஆம் என்று சொல்லியிருந்தாலும் இல்லை என்று சொல்லியிருந்தாலும் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும். "நான் அவங்களைப் பார்க்கலையேம்மா. பார்க்காம எதுவும் சொல்ல முடியாது" என்றார். என் மாமியார் தலையை ஆட்டினார். அதைப் பற்றி அவர் பிறகு யாரிடமும் பேசவில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்த வீட்டில் யாரை ஒதுக்கிவைத்தாலும், முதலில் போய்க் கையைப் பிடித்துப் பார்ப்பவர் அவராகத்தான் இருந்தார்.

நாங்கள் வீட்டுக்கு நடந்தோம். நாத்தனார் தோளில் இருந்த பிள்ளை என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "வாங்கிக்க, வாசனை தெரிஞ்சா வந்துரும்" என்றார் என் மாமியார். மடியில் போட்டுக்கொண்டேன். கொஞ்சநேரம் முரண்டியது, மூக்கை வைத்து உரசியது, பிறகு பிடித்துக்கொண்டது. பால் இருந்தது. என் வலது கை பிள்ளைமேல் பட்டுவிடக் கூடாதே என்று நான் தூக்கிப் பிடிக்கத் தடுமாறியபோது, என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டார். பிள்ளை குடித்து முடித்துத் தூங்கும் வரையில் விடவே இல்லை. ஊதா பூசிய என் கையை ஊதா பூசிய அவர் கை பிடித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள், நாங்களும் சிரித்தோம். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அந்தப் பிள்ளை வளர்ந்து நர்ஸ் வேலைக்குப் போனாள். அந்தக் கிருமிக்கு வைரஸ் என்று பெயர், அந்தப் புண்ணுக்கும் ஒரு பெயர் உண்டு, படமே போட்டிருக்கிறது என்று ஒரு நாள் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். சாம்பல், வெள்ளை வளையம், சிவப்பு. கீழே எழுதியிருந்தது நாலே வரி. தானாக ஆறிவிடும் என்று முடிந்திருந்தது. இப்போதெல்லாம் தோலில் ஏதாவது வந்தால் காலையில் டாக்டரிடம் காட்டிவிட்டு மத்தியானம் பள்ளிக்கூடம் போகிறார்கள். நல்ல காலம்தான். அந்த நாலு வரி தெரியாததால் நாங்கள் பட்ட பாட்டை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அப்பாடா என்றுதான் இருக்கிறது. தெரியாமலே போயிருக்கவும் கூடும் அல்லவா?

வீடு திரும்பிய மறுநாள் காலை, என் மாமியார் என்னை எழுப்பி, "கெளம்பு சாமி" என்றார். எங்கே என்று கேட்டேன். "நாந்தான போயிச் சொன்னேன். நாந்தான் போயி மாத்திச் சொல்லோணும்" என்றார். பத்து வீட்டுக்கும் போனோம். ஒவ்வொரு வாசலிலும் தன் கையையும் என் கையையும் நீட்டிக் காட்டி, "ஆட்டுக்குட்டி வாய்ப்புண்ணு. டாக்டர் பாத்துட்டாரு. நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். தன் வாயால் 'தப்பு' என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்; அதையும் பத்துத் தடவை கேட்டேன். சிலர் ஊதாக் கையைப் பார்த்துச் சிரித்தார்கள். சிலர் கிட்டே வந்து பார்த்தார்கள். ஒருத்தி தன் வீட்டுக் குட்டிகளுக்கும் இருக்கிறது என்று சொல்லி, அவசரமாகத் தன் உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள்.

கடைசி வீட்டுக்காரி மட்டும் படலைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே, "சரிங்க, சரிங்க" என்றாள். என் மாமியார் நகரவில்லை. "வெயில்ல வந்தோம் கண்ணு. குடிக்கத் தண்ணி குடு" என்றார். வெகுநேரம் கழித்துப் படலுக்கு மேலாக ஒரு செம்பை நீட்டினாள். அதை அவர் வாங்கி என்னிடம் கொடுத்தார். எனக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அண்ணாந்து குடிக்க வேண்டுமென்பதை மறந்து வாய் வைத்துக் குடித்துவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. என் மாமியார் செம்பை என் கையிலிருந்து வாங்கினார். நான் வாய் வைத்த இடத்திலேயே தானும் வாயை வைத்து, மிச்சத் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்தார். காலிச் செம்பைப் படலின் மேல் வைத்து, "கழுவோணும்னாக் கழுவிக்க கண்ணு" என்றார்.

அவள் கழுவினாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் மாமியார் முன்னால் வேகமாக நடந்துகொண்டிருந்தார். பிள்ளைக்குப் பசிக்கிற நேரம் ஆகியிருந்தது.